ஊர் நினைப்புக்கு யார் பொறுப்பு?

ஆடிப்பூரத்தன்று காலை எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் தேர் வடம் பிடிக்கக் கூட்டம் முண்டும் நேரத்தில் துபாயில் மணி ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. துபாயில் இருக்கும் நம்மூர்க்காரர் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். சிங்கப்பூரில் இருப்பவர் காலைத் தேநீர் இடைவேளை முடிந்து மறுபடியும் சாரத்தில் ஏறியிருப்பார். கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கிப் பிடித்துத் தம்பியோ மச்சானோ எடுத்து அனுப்பிய படம் இருவர் கைபேசியிலும் வந்து காத்திருக்கும். அதைத் திறந்து பார்ப்பவரின் கண் தேரில் அதிக நேரம் தங்குவதில்லை. ஓரமாக நிற்கிற கூட்டத்தில் தெரிந்த முகம் எதுவும் இருக்கிறதா என்றுதான் தேடும். அம்மா எங்கே நிற்கிறாள், பிள்ளையைத் தோளில் வைத்திருப்பது யார், தெருமுனைக் கடை திறந்திருக்கிறதா, இவ்வளவையும் அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்.

இந்த உரை அப்படிப்பட்டவர்களைப் பற்றியது. அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியும், கட்டிய வீட்டைப் பற்றியும், தங்கைக்குப் போட்ட நகையைப் பற்றியும் ஊர் நிறையப் பேசியிருக்கிறது. அவர்களுடைய ஊர் நினைப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. "அங்கே போயும் அழுதுக்கிட்டு இருக்கான்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது நம் வழக்கம். அது தவறு. வெளிநாட்டு வேலைக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலையில் ஊர் நினைப்பும் சேர்த்திதான். அந்த விலையை இதுவரை போனவர் ஒருவரே கொடுத்துவந்திருக்கிறார். அனுப்புகிற ஊரும் வேலைக்கு எடுத்துக்கொள்கிற ஊரும் அதில் பங்கேற்க வேண்டும்.

இதைப் பேசுவதற்கு ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பொருத்தமான இடங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களிலும் வந்தவர்களின் கதையும் உண்டு, போனவர்களின் கதையும் உண்டு. ராஜபாளையத்து ராஜுக்களின் முன்னோர் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் பல வீடுகளில் வாசற்படிக்கு உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். அந்தச் சமூகத்தில் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். பின்னர் ஒடிசாவின் ஆளுநராகப் போய் 1954 முதல் 1956 வரை இருந்தார். ஒடிசா என்ற பெயர் இந்த உரையின் முடிவில் மறுபடியும் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பிரிவு என்பது கோயிலிலேயே இருக்கிறது. இந்த ஊரில் வளர்ந்த ஆண்டாள் ஸ்ரீரங்கத்துக்குப் போனவள். அவளை வளர்த்த பெரியாழ்வார், மகள் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதை ஒரு தாயின் குரலில் பாடியிருக்கிறார். பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில், எட்டாவது திருமொழி அது. போனவளைப் பற்றிப் பாட எத்தனையோ இருக்க, போகவிட்டு நிற்கும் வீட்டைப் பாடியது கவனிக்கத்தக்கது. மாமியார் வீட்டில் அவளை எப்படி நடத்துவார்கள், ஊரார் என்ன பேசுவார்கள் என்று அந்தத் தாய் கவலைப்படுகிறாள். சவுதிக்கு மகனை அனுப்பிவிட்டு, "மொதலாளி நல்லவரா, சோறு ஆக்கித் தர்றாங்களா?" என்று கேட்கும் தாய்க்கும் அவளுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. கவலை அதேதான். ஊர் நினைப்பு போனவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியாள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தென்மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தது காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் ரப்பருக்காகவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து தோணியேறி இலங்கையின் மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் பயணம் எளிதாயிற்று. சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில். மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்து அம்மைப்பால் குத்தி, உடம்பைச் சோதித்து, அதன் பிறகே கப்பலேற்றினார்கள். 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்தப் பெரிய வலையில் இணைந்தன. ஊர் எல்லையில் ரயில் வந்து நிற்கத் தொடங்கியதும் தூரதேசம் அரை நாள் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்தப் பயணத்தில் என்ன காத்திருந்தது என்பதைப் புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக்கேணி' என்ற நீண்ட கதையில் எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. படித்தவர்களுக்குத் தெரியும், அதில் ஊர் நினைப்பு இனிக்கிற ஒன்றாக வருவதே இல்லை. ஊரே அவளை விரட்டியிருக்கிறது. ஆனாலும் அவளுக்குத் திரும்ப வேறு இடம் கிடையாது. ஊர் நினைப்பைப் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. எல்லோரும் அன்பான ஊரை விட்டுப் போகவில்லை. கடனும் சாதியும் பஞ்சமும் துரத்திப் போனவர்களுக்கும் ராத்திரியில் அதே ஊர்தான் கனவில் வந்தது.

இந்திய அரசு 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் மலையகத்தில் இரண்டு மூன்று தலைமுறை வேர் விட்டிருந்தது. 1948இல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

போகச் சொன்னவர்கள் அதைத் தாயகம் திரும்புதல் என்று எழுதினார்கள். அவர்களை ஏற்றிப் போன ரயிலை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று தாள் வந்தது. கடலைத் தாண்டி மண்டபத்தில் இறங்கியவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். சிலருக்கு நூற்பாலைகளில் வேலை கிடைத்தது. பாட்டனார் சொன்ன கிராமத்தைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே வீடும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை. 'சிலோன்காரர்கள்' என்ற பெயர்தான் கிடைத்தது. அவர்களுக்கு ஏக்கம் நுவரெலியாவின் குளிரின் மேல், தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலின் மேல். பேரனுக்கு ஊர் எது என்பதைப் பாட்டனின் ஊர் தீர்மானிப்பதில்லை. இதை அந்த ஒப்பந்தத்தை எழுதிய இரண்டு அரசுகளும் யோசித்துப் பார்க்கவில்லை. போக வேண்டிய மக்களில் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது, அநியாயமான முடிவு.

இதைவிடக் கடுமையான ஒரு கதை மணிப்பூரில் இருக்கிறது. பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடைகளையும் வணிகத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. பல தலைமுறையாக இரங்கூனிலும் மோல்மேனிலும் இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் அப்படி வந்ததுதான். அவர்களில் ஒரு கூட்டத்தாருக்குத் தமிழ்நாடு ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடுவது என்று நாட்டின் வடகிழக்கு மூலைவரை போய், எல்லையை நடந்து கடக்கப் பார்த்தார்கள். பர்மிய அதிகாரிகள் உள்ளே விடவில்லை. சென்னைக்குத் திரும்பவும் மனமில்லை. எல்லையிலேயே மோரே என்ற சிற்றூரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இட்லிக் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த தமிழர்கள் வேலை தேடி வெளியேறி இப்போது குறைந்துவிட்டார்கள். பிறந்த இடத்துக்கு முடிந்த அளவு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்ட மக்கள் அவர்கள். சென்னையிலேயே தங்கியவர்களோ அந்த ஏக்கத்தை அத்தோ, மொகிங்கா என்ற பர்மிய உணவுகளில் வைத்தார்கள். பர்மா பஜார்ப் பக்கம் தள்ளுவண்டியில் அதை வாங்கிச் சாப்பிடும் இளைஞர்களில் பலருக்கு, தட்டில் இருப்பது இரங்கூன் தெருவின் ஞாபகம் என்று தெரியாது.

ஊர் நினைப்பை மருத்துவர்கள் ஒரு காலத்தில் நோய் என்றே எழுதினார்கள். 1688இல் பாசல் நகரத்தில் யோஹனஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். தூக்கம் கெடும், பசி போகும், காய்ச்சல் வரும், வீட்டுக்கு அனுப்பினால் சரியாகும் என்பது அவர் கண்டது. பின்னால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவர்கள் அதைச் சிப்பாய்களின் மரணக் காரணமாகக்கூடப் பதிவு செய்தார்கள். இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பழைய பட்டியலை வளைகுடாவில் முதல் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த யாரிடமாவது வாசித்துக் காட்டினால் தலையசைப்பார்.

தமிழ்நாட்டில் இதற்குக் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் லண்டனில் இறங்கினார். கிளம்புவதற்கு முன்பு குடுமியை எடுத்துவிட்டார். கேம்பிரிட்ஜில் மரக்கறி உணவு கிடைக்காமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியதும் அதற்கான சாமான்கள் கிடைப்பதும் கஷ்டமாயிற்று. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. அவர் ராமானுஜனைப் பார்க்கப் போனபோது, ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றாராம். கட்டிலைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் இருக்கின்றன. மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார். மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார்.

உலகத்தின் பெரிய கணித மூளைக்கு அந்த ஊர்க் கட்டிலில் படுப்பது எப்படி என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஊர் நினைப்பின் சரிபாதி இதுதான். போன இடத்தில் சின்னச் சின்ன விஷயங்களை வெட்கமில்லாமல் கேட்க ஒருவர் இல்லாதது. மறுபாதி வீட்டிலிருந்து கடிதம் வராதது. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் ராமானுஜனுக்குப் போய்ச் சேராமல் மாமியார் தடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கனிகல் சொல்கிறார். நோய், தனிமை, கடிதமில்லாத மாதங்கள். 1918இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் ராமானுஜன் விழுந்தார். வண்டி நின்றதால் பிழைத்தார். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று இறந்தபோது வயது 32.

கடிதம் எவ்வளவு பெரியது என்பதை எண்பதுகளில் வளைகுடா போனவர்களின் வீடுகள் அறியும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்காகக் கேசட் வந்தது. சவுதியிலிருந்து திரும்பும் ஒருவர் பெட்டியில் பத்து வீட்டுக்கான கேசட் இருக்கும். டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். மகன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பான். பிறகு அதே கேசட்டின் மறுபக்கத்தில் வீட்டார் பேசி அனுப்புவார்கள். மனைவிக்கு மட்டும் இதில் இடமில்லை. மாமனார் மாமியார் முன்னால் அவள் என்ன பேச முடியும்? "நல்லா இருக்கேங்க, நீங்க உடம்பப் பாத்துக்கோங்க" என்பதோடு முடியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இந்த மனைவியின் குரலையே எடுத்து எழுபதுகளில் 'துபாய்க் கத்துப் பாட்டு' என்று எஸ்.ஏ. ஜமீல் பாட்டாக்கினார். பிரிந்திருக்கும் மனைவி கேட்கும் கேள்விகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. நம் பக்கம் அந்தப் பெண்கள் பேசவேயில்லை. வீடு கட்டி முடித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்து, நாற்பது வயதுக்கு மேல் கணவனோடு குடித்தனம் தொடங்கியவர்கள் இந்த இரண்டு ஊர்களிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையை யாராவது கேட்டு எழுத வேண்டும்.

சாமான்களும் இரண்டு பக்கமும் போய் வந்தன. இங்கிருந்து போவது இட்லிப் பொடி, ஊறுகாய், வத்தல், கறிவேப்பிலைப் பொடி, ஒரு டப்பா பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவா சர்க்கரையும் பாலும் மட்டும் சேர்ந்தது என்பதால் நீண்ட நாள் தாங்காது. போய்ச் சேர்ந்த அன்றே அறையில் இருக்கும் எல்லோருக்கும் பங்கு வைத்தாக வேண்டும். ஒருவகையில் அதுவும் நல்லதுதான். அங்கிருந்து வருவது கோடாலித் தைலம், பால் பவுடர், டார்ச் லைட், போர்வை.

இந்தப் போக்குவரத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு பிலிப்பைன்ஸ். 1974இல் மார்கோஸ் ஆட்சியின் தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசின் கொள்கையாக்கியது. 2013ஆம் ஆண்டுக் கணக்கிலேயே ஒரு கோடிப் பேர் வெளியே இருந்தார்கள். 1987இல் கொரசோன் அக்கினோ அரசு, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் சாமான் பெட்டிக்கு வரிவிலக்குக் கொடுத்தது. சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட், துண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு என்று மாதக்கணக்கில் வாங்கிச் சேர்த்து, பெரிய அட்டைப்பெட்டி நிறைந்ததும் கப்பலில் அனுப்புகிறார்கள். இதே சாமான்கள் மணிலாவிலும் கிடைக்கும். பணமாக அனுப்பினால் சுலபம். ஆனால் பிள்ளையின் கால் அளவை நினைத்து ஒரு தாய் செருப்பு எடுக்கும் அந்த நேரம் பணத்தில் கிடைக்காது.

ஆம், தாய். தமிழ்நாட்டிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் போகிறார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து தாய்மார் போகிறார்கள். ஹாங்காங்கில் மட்டும் வீட்டு வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்கள் 3 லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கும் சற்று அதிகமானோர் பிலிப்பினோக்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அவர்கள் மையப் பகுதியின் சாலையிலும் நடைபாலத்திலும் அட்டையை விரித்து உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, பாடி, தலை பின்னி, வீட்டுக்குப் பேசி அந்த நாளைக் கழிக்கிறார்கள். சிங்கப்பூரில் லக்கி பிளாசாவில் பிலிப்பினோக்கள் கூடும் அதே ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையில் தமிழ்த் தொழிலாளர்கள் கூடுகிறார்கள். தேக்கா சந்தைப் பக்கம் புல்வெளியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. தமிழ் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு ஒற்றுமை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். பிலிப்பைன்ஸில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியலுக்கு முன்பே எழுந்து தேவாலயத்துக்குப் போவார்கள். வெளியே வந்தால் சுடச்சுட அரிசிப் பலகாரம். மார்கழியும் பெரும்பாலும் அதே டிசம்பர் 16 அன்றுதான் பிறக்கிறது. இங்கே விடியலுக்கு முன் திருப்பாவை, பிறகு சுடச்சுடப் பொங்கல். துபாயில் இந்த இரண்டு நாட்டாரும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள். ஒரே வாரத்தில், ஒரே காரணத்துக்காக, இருவருக்கும் மனம் கலங்குகிறது. பக்கத்துப் படுக்கை நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் இருவருக்கும் அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தெரிந்தால் இருவருக்கும் கொஞ்சம் பாரம் குறையும். ஆண்டாள் பாடிய முப்பது பாட்டுக்கு நடக்கத் தெரியும். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் மதுரை அழகருக்கும் போகிறது. துபாயில் ஓர் அறையில் நாலு பேர் சேர்ந்து திருப்பாவையைப் பாடினாலும் அது ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.

பிலிப்பைன்ஸை மெச்சிக்கொண்டே போக முடியாது. 1995 மார்ச்சில் ஃபுளோர் கொன்டெம்ப்ளசியோன் என்ற வீட்டுவேலைப் பெண்ணைச் சிங்கப்பூர் தூக்கிலிட்டபோது, தன் அரசு தன்னைக் கைவிட்டது என்று அந்த நாடே கொதித்தது. அந்தக் கொதிப்புக்குப் பிறகே, அதே ஆண்டு ஜூனில், வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2003இல் வெளிநாட்டில் இருந்தபடியே வாக்களிக்கும் உரிமை வந்தது. 2021 டிசம்பரில் அவர்களுக்கென்று தனி அமைச்சகமே அமைக்கச் சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொன்றும் கேட்டு, போராடி வாங்கியது. இந்தியாவில் வெளிநாடு வாழ் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் ஊருக்கு நேரில் வர வேண்டும். சாரத்தில் நிற்கும் தொழிலாளி ஒரு வாக்குக்காக விமானச் சீட்டு எடுப்பாரா?

தமிழ்நாட்டில் 2015இல் நடந்த புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாடுகளில் இருப்பதாகச் சொன்னது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு நாடுகளும் முதல் இரண்டு இடங்கள். அவர்களுக்காக நல வாரியம் இருக்கிறது. ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2020இல் கொரோனா உலகத்தை அடைத்தபோது, ஜூன் மாதத்தில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்களை ஐ.என்.எஸ். ஜலாஷ்வா என்ற போர்க்கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பெரிய ஆபத்துக்கு மட்டும் கப்பல் அனுப்பினால் போதாது. அப்பா இறந்த செய்தி கேட்டு, பாஸ்போர்ட் முதலாளி கையில் இருப்பதால் வர முடியாமல், கைபேசியில் எரியூட்டலைப் பார்த்த மகன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருபது ஆண்டு கழித்தும் அந்தச் சாவு முடிவதில்லை.

ஆகவே சில காரியங்களை ஊரே செய்யலாம். போகிறவர் பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால், வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் முகவரை நம்பக் கூடாது. முகவருக்கு உரிமம் உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துச் சொல்லப் படித்த பிள்ளை தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். குடியேற்ற அனுமதியோடு போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயில் 10 லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. கிளம்பும் முன் ஒப்பந்தத்தின் நகலும் பாஸ்போர்ட்டின் நகலும் வீட்டில் இருக்கட்டும். அதே நாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவருடைய எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ராமானுஜனுக்கு ஒரு மகலனோபிஸ் கிடைத்ததுபோல், கம்பளியை உருவிப் போர்த்திக்கொள்ளச் சொல்ல அங்கே ஒருவர் இருந்தால் முதல் ஆறு மாதத்தைத் தாண்டிவிடலாம். வீட்டார் பேசும்போது பணத்தை முதலில் கேட்காதீர்கள். கஷ்டத்தை மறைத்துப் பேசுவது அங்கிருப்பவரின் பழக்கம். "சாப்டியாய்யா" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

கடைசியாக, ஒடிசா. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய மில்லுக்குப் பின் இந்த வட்டாரத்தில் எத்தனையோ நூற்பாலைகள் வந்தன. சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி வெளிநாடு போகிறது. இந்தப் பக்கத்து ஆலைகளிலும் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களும் பெண்களும் வேலை செய்கிறார்கள். குமாரசாமி ராஜா ஆளுநராகப் போன மாநிலத்திலிருந்து, எழுபது ஆண்டு கழித்து, பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகள் அவருடைய ஊருக்கு வந்து இரவு ஷிப்டில் நிற்கிறார்கள். ஜூன் நடுவில் ஒடிசாவில் ரஜப் பண்டிகை. பெண்கள் ஊஞ்சலாடும் மூன்று நாள். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரில் சட் பூஜை. அந்த நாள்களில் நம் பஜாரில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு தனியாக நடந்து போகும் ஒரு பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அவன் பார்ப்பது தேராக இருக்காது, வேறு ஏதோ ஊர்வலம். தேடுவது மட்டும் அம்மாவின் முகத்தைத்தான்.

சிங்கப்பூரில் நம் பிள்ளையை ஒருவர் "பங்காளி, எந்த ஊரு?" என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அந்தப் பிள்ளைகளைப் பெயர் கேட்காமல் 'வடக்கன்' என்று கூப்பிடுகிறோம். இது இந்த ஊர்களுக்கு அழகல்ல. ஆலை நிர்வாகத்தார் இந்த அரங்கில் இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரஜ, சட் போன்ற பண்டிகை நாள்களில் அவர்கள் ஊர் போய்வர விடுப்புக் கொடுங்கள். போக முடியாதவர்களுக்கு அன்று ஒரு வேளை அவர்கள் ஊர்ச் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள். விடுதியில் அவர்களுடைய ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: நாளைக்குக் கடைவீதியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் பெயரையும் ஊரையும் கேளுங்கள்.